அரை நாள் வேலைக்கு எது முழுக் கூலி?

“தம்பி, சின்ன வேலைதான். கடைச் சரக்குக் கணக்குப் பார்க்க ஒரு சிஸ்டம் வேணும். வீட்ல இருந்தே செஞ்சிடலாம். எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க.”

இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்து விழும் இப்படியொரு தகவலில்தான் நம் இளைஞர்கள் பலரின் பகுதி நேர வருமானம் தொடங்குகிறது. கடைசி வாக்கியத்துக்கு என்ன பதில் எழுதுவது என்பதுதான் சிக்கல். அதிகம் சொன்னால் வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். குறைத்துச் சொன்னால் பிறகு வருத்தம். பெரும்பாலோர் பயத்துக்கே இடம் கொடுத்து, வாயில் வந்த ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார்கள்.

மலேசியாவில் கணினி நிரல் எழுதும் தொழில் புதிதல்ல. 1996-இல் பல்லூடகப் பெருவழித் திட்டம் தொடங்கியதும், சைபர்ஜெயா எழுந்ததும் வாசகர்கள் அறிந்ததே. ஆனால் அந்த வேலையை வீட்டு வரவேற்பறையிலிருந்தே செய்யலாம் என்று பல முதலாளிகள் ஒப்புக்கொண்டது 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகுதான். அதற்குப் பின் மாதச் சம்பளம் இல்லாமல் ஒப்பந்த அடிப்படையில், வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று பேசிக்கொண்டு செய்யும் வேலைகள் பெருகின. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முழு நேர வேலையை விட்ட தாய்மார்கள், பகலில் ஒரு நிறுவனத்திலும் இரவில் இன்னொருவருக்கும் உழைக்கும் இளைஞர்கள், படிப்பை முடித்து முதல் வேலைக்குக் காத்திருப்பவர்கள் எனப் பலரும் இதில் இருக்கிறார்கள். இவர்களுக்கு நியாயமான ஊதியம் எவ்வளவு?

சம்பளத்தை வகுத்தால் வரும் தவறு

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். கிள்ளானில் ஒரு பெண் நிரலாளர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தில் மாதம் 5,000 வெள்ளி வாங்கியவர். இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு, இப்போது வாரத்துக்கு 20 மணி நேரம் வீட்டிலிருந்து ஒப்பந்த வேலை செய்ய நினைக்கிறார். மணிக்கு எவ்வளவு கேட்கலாம் என்று அவர் போடும் முதல் கணக்கு இதுதான்: மாதத்துக்கு 22 வேலை நாள், நாளுக்கு 8 மணி நேரம், ஆக 176 மணி. 5,000 வெள்ளியை 176-ஆல் வகுத்தால் 28 வெள்ளி 40 சென். சரி, முப்பது வெள்ளி கேட்போம் என்று முடிவு செய்கிறார். பழைய சம்பளத்தைவிடக் கூடுதலாகக் கேட்டுவிட்டோமோ என்ற உறுத்தலும் கூடவே வருகிறது!

அந்த முப்பது வெள்ளி பழைய சம்பளத்தைவிட மிகவும் குறைவு. காரணம், 5,000 வெள்ளி என்பது அவர் கையெழுத்திட்ட சம்பளம்தான். முதலாளி அவருக்காகச் செலவிட்ட தொகை அதைவிட அதிகம். 5,000 வெள்ளி வரை சம்பளம் பெறுபவருக்கு முதலாளி ஊழியர் சேமநிதிக்கு 13 விழுக்காடு செலுத்த வேண்டும். அது 650 வெள்ளி. சொக்சோவுக்கும் வேலைக் காப்புறுதிக்கும் சேர்த்து மேலும் நூறு வெள்ளி அளவுக்குப் போகும். ஆக மாதம் 5,750 வெள்ளி, ஆண்டுக்கு 69,000 வெள்ளி.

அடுத்து, அவர் ஆண்டு முழுவதும் வேலை செய்துதான் அந்தப் பணத்தைப் பெற்றாரா? ஆண்டுக்கு 260 வேலை நாள் என்றால், சட்டப்படி குறைந்தது 11 பொது விடுமுறைகள், முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்தது 8 நாள் ஆண்டு விடுமுறை, அவ்வப்போது மருத்துவ விடுப்பு. இவை போக 235 நாள் என்று வைத்தால் 1,880 மணி நேரம். தீபாவளியன்று வீட்டில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தபோதும் அவருக்குச் சம்பளம் ஓடியது. ஒப்பந்தக்காரருக்கு அந்த நாளில் ஒரு சென்னும் கிடையாது.

மூன்றாவது விஷயத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். நிறுவனத்தில் கூட்டத்தில் உட்கார்ந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு. புதிய கருவியைக் கற்றுக்கொண்ட நேரத்துக்கும் உண்டு. ஒப்பந்தக்காரர் வாடிக்கையாளரைத் தேட வேண்டும், விலைப்புள்ளி தயாரிக்க வேண்டும், பட்டியல் அனுப்ப வேண்டும், பணம் வந்ததா என்று நாலு முறை கேட்க வேண்டும். இந்த நேரத்துக்கு யாரிடமும் காசு வாங்க முடியாது. நான்கில் ஒரு பங்கு நேரம் இப்படிப் போகிறது என்று மிதமாகவே வைத்துக்கொண்டாலும், காசாகும் நேரம் 1,410 மணிதான். மடிக்கணினித் தேய்மானம், இணையக் கட்டணம், மென்பொருள் சந்தா, மின்சாரம் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 5,000 வெள்ளி சேர்த்தால், மொத்தம் 74,000 வெள்ளி. அதை 1,410-ஆல் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 52 வெள்ளி 50 சென்.

இதுவும் முழு நேரம் உழைப்பவரின் கணக்கு. அவரோ பாதி நேரம்தான் செய்கிறார். சம்பளமும் சேமநிதியும் பாதியாகும், காசாகும் நேரமும் பாதியாகும். ஆனால் மடிக்கணினி பாதி விலைக்குக் கிடைக்காது, இணைய நிறுவனமும் பாதிக் கட்டணம் வாங்காது. 34,500 வெள்ளியோடு அதே 5,000 வெள்ளியைச் சேர்த்து 705 மணி நேரத்தால் வகுத்தால் 56 வெள்ளி வருகிறது. அதாவது, பகுதி நேரம் என்பதற்காக மணிக்கூலி குறைய வேண்டியதில்லை. சற்றுக் கூட வேண்டும். “பார்ட் டைம்தானே” என்று சொல்லி விலையைக் குறைக்கும் வழக்கம் கணக்குப்படி தலைகீழானது.

முதல் கணக்கில் வந்த 28 வெள்ளிக்கும் இந்த 56 வெள்ளிக்கும் உள்ள தூரத்தைக் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ இரண்டு மடங்கு. இது பேராசை இல்லை, பழைய நிலையிலேயே நிற்பதற்குத் தேவையான தொகை. புதிதாகப் படித்து வந்து 3,000 வெள்ளிச் சம்பளத்துக்குத் தகுதியான இளைஞருக்கும் இதே விகிதம் பொருந்தும். அவருக்கு 17 வெள்ளி என்று தோன்றுவது உண்மையில் 34 வெள்ளி.

கண்ணில் படாத இழப்பு

முப்பது வெள்ளிக்கே ஒப்புக்கொண்டால் என்ன ஆகும்? இன்றைக்கு ஒன்றும் ஆகாது. வீட்டுச் செலவு ஓடும். இழப்பு தெரிவது சேமநிதிக் கணக்கில்தான். அந்தக் கிள்ளான் பெண்மணி பாதிச் சம்பளத்தில், அதாவது 2,500 வெள்ளியில் பகுதி நேர ஊழியராக இருந்திருந்தால், முதலாளியின் பங்கு மாதம் 325 வெள்ளி, அவருடைய சொந்தப் பங்கு 11 விழுக்காடு 275 வெள்ளி. பத்து ஆண்டுகளில் 72,000 வெள்ளி, இலாப ஈவு தனி. இதில் முதலாளியின் பங்கு மட்டும் 39,000 வெள்ளி. ஒப்பந்தக்காரராகக் குறைந்த கூலிக்கு உழைத்தவருக்கு அந்த 39,000 வெள்ளி எங்கேயும் இல்லை. பிள்ளை வளர்ந்து பல்கலைக்கழகம் போகும் வயதில் கணக்கைத் திறந்து பார்க்கும்போதுதான், பத்தாண்டு உழைப்பின் இடத்தில் ஒரு வெற்றிடம் இருப்பது புரியும்.

சுயதொழில் செய்வோர் தாமாக முன்வந்து சேமநிதிக்குச் செலுத்த ‘ஐ-சாரான்’ திட்டம் இருக்கிறது. அரசாங்கமும் ஒரு வரம்புக்கு உட்பட்டு ஊக்கத்தொகை சேர்க்கிறது. 2017-ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் வழி சொக்சோ பாதுகாப்பும் உண்டு. ஆனால் இவற்றுக்கெல்லாம் பணம் மணிக்கூலியிலிருந்துதான் வர வேண்டும். முப்பது வெள்ளியில் அதற்கு இடமே இல்லை என்பதுதான் பிரச்சினை.

நம் சமூகத்தில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. அலுவலகத்துக்குப் போகிறவர் வேலை செய்கிறார், வீட்டில் கணினி முன் உட்கார்ந்திருப்பவர் ‘சும்மா இருக்கிறார்’ என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. “வீட்லதானேம்மா இருக்கே, மாமா கடைக்கு ஒரு வெப்சைட் செஞ்சு குடேன்” என்று கேட்பவர்களுக்கு, அந்தப் பெண் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு நள்ளிரவு வரை பிழை திருத்துவது தெரியாது. கோவில் அகப்பக்கத்தைச் செய்து கொடுப்பது சேவை. அதில் தவறில்லை, விரும்பினால் செய்யலாம். ஆனால் இலாபத்துக்கு நடக்கும் கடைக்கும் அதே சேவை மனப்பான்மையை எதிர்பார்ப்பது நியாயமா? அந்த மாமா தம் கடைக்குக் குளிர்சாதனம் பொருத்த வந்தவரிடம் இப்படிக் கேட்பாரா?

“ஒரு சின்ன மாற்றம்தான்”

மணிக்கணக்கு வேண்டாம், மொத்தமாக ஒரு விலை சொல்லுங்கள் என்பவர்களே உள்ளூரில் அதிகம். அதிலும் தவறில்லை. ஆனால் நியாயமான ஊதியம் கரைந்துபோவது பெரும்பாலும் இங்கேதான்.

சரக்குக் கணக்கு முறைக்கு 80 மணி நேரம் ஆகும், மணிக்கு 50 வெள்ளி, மொத்தம் 4,000 வெள்ளி என்று பேசி முடிக்கிறார்கள். பாதி வேலை முடிந்ததும் முதலாளி, “நம்ம செந்தூல் கிளையையும் சேர்த்துடுங்க” என்கிறார். பிறகு மலாயிலும் ஆங்கிலத்திலும் ரசீது வேண்டும். பிறகு சரக்குக் குறைந்தால் கைப்பேசிக்குத் தகவல் வர வேண்டும். ஒவ்வொன்றும் “ஒரு சின்ன மாற்றம்தான்”. கடைசியில் 150 மணி நேரம் ஆகிவிடுகிறது. 4,000 வெள்ளியை 150-ஆல் வகுத்தால் 26 வெள்ளி 67 சென். நன்றாகக் கணக்குப் போட்டுத் தொடங்கியவர்கூட, ஒன்றுமே யோசிக்காதவரைவிடக் கீழே இறங்கிவிடுகிறார்.

முதலாளி ஏமாற்றுகிறார் என்று இதற்கு உடனே பொருள் கொள்ள வேண்டாம். கட்டடத்தில் ஒரு சுவரை நகர்த்துவது பெரிய வேலை என்பது எவருக்கும் கண்ணால் தெரிகிறது. மென்பொருளில் ஒரு பொத்தானைச் சேர்ப்பதற்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது தெரிவதில்லை. அதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு நிரலாளருடையது. அதுவும் வேலை தொடங்கும் முன்பே, எழுத்தில். என்னென்ன செய்து தரப்படும், எவை இந்த விலையில் அடங்காது, புதிதாகக் கேட்டால் மணிக்கு எவ்வளவு, பிழை இருந்தால் எத்தனை நாள் வரை இலவசமாகத் திருத்தித் தரப்படும் என்பவை ஒரு பக்கக் கடிதத்தில் அடங்கிவிடும். பணத்தையும் முன்பணம், பாதி வேலை முடிந்ததும், ஒப்படைக்கும்போது என்று மூன்றாகப் பிரித்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. முன்பணம் தரத் தயங்குபவர் கடைசிப் பணத்தையும் தயங்கித்தான் தருவார் என்பது தொழிலில் இருப்பவர்கள் அறிந்தது.

மூலநிரல் யாருக்குச் சொந்தம் என்பதையும் அதே கடிதத்தில் எழுத வேண்டும். எழுதியவருக்கே சொந்தம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. ஒருவர் பணித்ததன் பேரில் உருவாக்கப்பட்ட படைப்பின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணித்தவருக்கே மாற்றப்பட்டதாகக் கருதப்படும். ஆகவே, “முழுத் தொகையும் செலுத்திய பின்னரே உரிமை மாறும்” என்ற ஒரே ஒரு வாக்கியம் எழுதப்படாவிட்டால், பணமும் வராமல் நிரலும் கைவிட்டுப் போகும் நிலை ஏற்படலாம். நிரலாளருக்கு இந்த ஒரு வாக்கியத்தைவிட வலுவான பிடி வேறில்லை.

ஒப்பந்தக்காரரா, ஊழியரா?

சில நிறுவனங்கள் வேறொரு வழியைக் கையாள்கின்றன. காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை இணையத்தில் இருக்க வேண்டும், நிறுவனத்தின் மடிக்கணினியையே பயன்படுத்த வேண்டும், விடுப்புக்கு மேலாளரிடம் அனுமதி கேட்க வேண்டும், மாதக் கடைசியில் ஒரே தொகை. இவ்வளவும் இருந்தும் கையில் இருப்பது ‘ஒப்பந்தக்காரர்’ என்ற பெயர்! சேமநிதி கிடையாது, சொக்சோ கிடையாது.

பெயர் மட்டும் முடிவு செய்யும் விஷயமல்ல இது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்யப்பட்டு 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. எழுத்து வடிவில் வேலை ஒப்பந்தம் இல்லாத நிலையில், வேலை செய்யும் விதமும் நேரமும் மற்றவரின் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, கருவிகளை அவர் தருகிறாரா, செய்யும் வேலை அவருடைய தொழிலின் முக்கியப் பகுதியா, பணம் குறித்த இடைவெளியில் வந்து வருமானத்தின் பெரும்பகுதியாக இருக்கிறதா என்பவற்றைக் கொண்டு ஒருவரை ஊழியர் என்றே அச்சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் பொறுப்பு எதிர்த்தரப்பினுடையது.

பகுதி நேர ஊழியர்களுக்கெனத் தனி விதிமுறைகளும் 2010-ஆம் ஆண்டிலிருந்து இருக்கின்றன. முழு நேர ஊழியரின் வேலை நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் 70 விழுக்காடு வரை செய்பவர் பகுதி நேர ஊழியர். வாரம் 45 மணி நேரம் முழு நேரம் என்றால், பதின்மூன்றரை மணிக்கு மேல் முப்பத்தொன்றரை மணி வரை. அந்தக் கிள்ளான் பெண்மணியின் 20 மணி நேரம் இதற்குள்தான் வருகிறது. இப்படிப்பட்டவருக்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை உண்டு, சேமநிதியும் உண்டு. வீட்டிலிருந்து செய்வதால் இந்த உரிமை போய்விடாது. ஆகவே நிறுவனத்தாரிடம் இரண்டில் ஒன்றைக் கேட்கலாம். ஊழியராக நடத்துவதென்றால் ஊழியருக்குரியதைத் தரட்டும், 28 வெள்ளிக் கணக்கு பொருந்தும். ஒப்பந்தக்காரர் என்றால் 56 வெள்ளிக் கணக்கும், நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் சுதந்திரமும் வேண்டும். ஊழியரின் கட்டுப்பாடும் ஒப்பந்தக்காரரின் வெறுங்கையும் ஒரே ஆளுக்கு என்பது மட்டும் நியாயமாகாது.

2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கிக் தொழிலாளர் சட்டம் எழுத்துப்பூர்வ சேவை உடன்பாட்டுக்கும் தனித் தீர்ப்பாயத்துக்கும் வழி செய்தது. ஆனால் அது இணையத் தளங்கள் வழி செய்யப்படும் வேலைகளுக்கும், அதன் அட்டவணையில் குறிப்பிட்ட சேவைகளுக்கும் உரியது. தெரிந்தவர் மூலம் நேரடியாக வேலை பிடிக்கும் நிரலாளர், அது தம்மைக் காக்கும் என்று நம்பிக் கடிதம் எழுதாமல் இருந்துவிடக் கூடாது.

அக்கரை வாடிக்கையாளர்

ஜொகூர் இளைஞர்கள் சிங்கப்பூர் நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யும்போது, “உங்க பணத்துக்கு மாத்தினா இது பெரிய தொகையாச்சே” என்ற பேச்சு வரும். உண்மைதான், பெரிய தொகைதான். ஆனால் அதே நிறுவனம் சிங்கப்பூரில் 55 வயதுக்குட்பட்ட ஒருவரை ஊழியராக வைத்தால் மத்திய சேமநிதிக்கு 17 விழுக்காடு செலுத்த வேண்டும். மேசை, நாற்காலி, அலுவலக வாடகை வேறு. இவையெல்லாம் அதற்கு மிச்சம். பேரம் பேசும்போது நாணய மாற்றத்தை மட்டும் பார்க்காமல், எதிர்த்தரப்பு எதை மிச்சம் பிடிக்கிறது என்பதையும் பார்ப்பது நல்லது. சிங்கப்பூரில் சுயதொழில் செய்வோரை அமர்த்துவதற்கென 2018-இல் ஒரு முத்தரப்புத் தரநிலை வந்தது. வேலையின் அளவு, கட்டணம், செலுத்தும் நாள் ஆகியவற்றை எழுத்தில் தர அது வலியுறுத்துகிறது. அதை ஏற்ற நிறுவனமா என்று கேட்பதில் வெட்கம் வேண்டியதில்லை.

இணையத் தளங்கள் வழி வேலை பிடிப்பவர்கள் தரகுத் தொகையை மறக்கக் கூடாது. ஃபைவர் தளம் விற்பவரிடமிருந்து 20 விழுக்காடு பிடித்துக்கொள்கிறது. 100 டாலருக்கு வேலை செய்தால் கைக்கு வருவது 80 டாலர். அதிலிருந்து வங்கியின் நாணய மாற்றுக் கழிவு. நேர வித்தியாசமும் ஒரு செலவுதான். கோடையில் நியூயார்க்கில் காலை பத்து மணி என்றால் கோலாலம்பூரில் இரவு பத்து மணி. வாரம் மூன்று இரவு கூட்டத்துக்கு உட்கார வேண்டுமென்றால், அந்த நேரத்துக்கும் விலை உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடலாம்.

அண்மைய ஆண்டுகளில் இன்னொரு பேச்சு சேர்ந்திருக்கிறது: “இதையெல்லாம் இப்ப செயற்கை நுண்ணறிவே எழுதிடுதே, எதுக்கு இவ்வளவு காசு?” எழுதித் தருகிறது என்பது மெய்யே. எட்டு மணி நேர வேலை சில சமயம் மூன்று மணியில் முடிகிறது. ஆனால் அது எழுதியதில் தவறு இருந்து கடையின் கணக்குக் குழம்பினால், முதலாளி கூப்பிடப்போவது நிரலாளரைத்தான். பொறுப்பு குறையாதபோது கூலி மட்டும் ஏன் குறைய வேண்டும்? இத்தகைய வேலைகளுக்கு மணிக்கணக்கைவிட, முடித்துத் தரும் பகுதிக்கு இவ்வளவு என்று பேசுவதே பொருத்தம். வேகமாகச் செய்பவர் தம் வேகத்துக்காகத் தண்டிக்கப்பட மாட்டார்.

முதலாளிகளின் குறையும் காதில் விழ வேண்டியதே. முன்பணம் வாங்கிய பையன் இரண்டு மாதமாகத் தொலைபேசியை எடுப்பதில்லை, கேட்டது ஒன்று கொடுத்தது ஒன்று, கடவுச்சொல்லைக்கூடத் தராமல் போய்விட்டார் என்று புலம்பும் சிறு வியாபாரிகள் இருக்கிறார்கள். 56 வெள்ளி கேட்பவர் 56 வெள்ளிக்குரிய ஒழுங்கையும் காட்ட வேண்டும். செய்த நேரத்தைக் குறித்து வைத்து வாரந்தோறும் அனுப்புவது, தாமதமாகும் என்றால் முன்கூட்டியே சொல்வது, ஒப்படைக்கும்போது எல்லாக் கடவுச்சொல்லையும் எழுதிக் கொடுப்பது ஆகியவை விலைக்குள் அடங்கியவை.

அப்படியும் பணம் வராவிட்டால்? முதலில் எழுத்தில் நினைவூட்டல், பிறகு தேதி குறித்த இறுதிக் கடிதம். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறை இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகள் இதற்கு 5,000 வெள்ளி உச்சவரம்பு வைத்தன. வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதாடலாம். மேலே சொன்ன 4,000 வெள்ளி வேலை இந்த வரம்புக்குள் வரும். ஆனால் கையில் அந்த ஒரு பக்கக் கடிதமும் வாட்ஸ்அப் உரையாடலும் வேண்டும். சொந்தக்காரர் என்றால் நீதிமன்றம் வரை யார் போவார் என்று கேட்கலாம். அதனால்தான் சொந்தக்காரரிடம் முன்பணத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கிவிடுவது நல்லது.

வரும் பணத்துக்கு வரிக் கணக்கும் உண்டு. தொழில் வருமானம் உள்ளவர் பி பாரத்தை ஜூன் 30-க்குள் அனுப்ப வேண்டும். சம்பளக்காரரின் பிஇ பாரத்துக்குத்தான் ஏப்ரல் 30. வெளிநாட்டிலிருந்து பணம் வந்தாலும், வேலை மலேசியாவில் உட்கார்ந்து செய்யப்பட்டிருந்தால் அது இந்நாட்டு வருமானமே. தொழிலுக்காகச் செலவிட்ட இணையக் கட்டணம், மென்பொருள் சந்தா போன்றவற்றைக் கழித்துக்கொள்ளலாம். அதற்கு ரசீதுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். காகித ரசீதுகளின் மை நம் ஊர் வெப்பத்தில் சில மாதங்களிலேயே மங்கிவிடும் என்பதால், வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது உதவும்.